மக்காச்சோளக் காட்டுக்குக் கேட்ட துப்பாக்கி

பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி விசாரிக்க ஒரு வெள்ளைச் சட்டைக்காரர் வந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. காலை பதினொரு மணி இருக்கும். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பையில் இரண்டு பேனா, கையில் தாள் செருகிய அட்டை. "ஆத்தா, பக்கத்து வீட்டுக்காரரப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்" என்றார். நான் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு நாற்காலியை எடுத்துப் போட்டேன்.

சந்தோஷத்துக்குக் காரணம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரனுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சொந்தமில்லை, ஆனாலும் என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவான். மூன்று வருடத்துக்கு முன் பட்டாசுக் கம்பெனியில் ஒரு அறை வெடித்ததில் அவன் மனைவி போய்விட்டாள். பிள்ளைகள் கிடையாது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தனி ஆள் தட்டுக் கழுவுகிற சத்தம் ஒரு மாதிரி இருக்கும், கேட்டவர்களுக்குத் தெரியும். "இன்னொருத்தியப் பாருப்பா" என்று நான் சொல்லாத வாரமில்லை. அதனால் வந்தவர் பெண் வீட்டார் அனுப்பிய ஆள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்கு விசாரிக்க வந்தால் அக்கம்பக்கத்தில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சொன்னால் ஒரு குடியைக் கெடுத்த பாவம். என்னைக் கட்டிக்கொடுக்கும் முன் என் அப்பா இந்த ஊருக்கு வந்து விசாரித்தபோது, எதிர்வீட்டு அம்மாள், "வத்தாத கெணறு இருக்கு, ஒங்க புள்ள கொடம் எடுத்து வெளிய போக வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினாளாம். வந்து பார்த்தால் கிணறும் இல்லை, ஒரு குழியும் இல்லை. இருபது வருடம் குடம் சுமந்தேன். அந்த அம்மாள்மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. அவள் செய்ததுதான் முறை.

வெள்ளைச் சட்டைக்காரர் கேட்க ஆரம்பித்தார். "குடிப்பாரா?"

"வாசனகூடப் பிடிக்காது."

"கோவக்காரரா? யாரோடயும் வரப்புத் தகராறு, அடிதடி உண்டா?"

"கோழிய வெரட்டக்கூட அதட்ட மாட்டான்யா. தங்கமான புள்ள."

"வீட்ல சின்னப் பிள்ளைக இருக்கா?"

"கெடையாது. இனிமே பொறந்தாத்தான் உண்டு" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"பூட்டி வைக்கிற மாதிரி இரும்புப் பீரோ இருக்கா?"

பெண்ணுக்கு நகை நிறையப் போடுவார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன். "ரெண்டு பூட்டு உள்ள பீரோ இருக்கு. சாவி இடுப்பு அருணாக்கொடியில தொங்கும்" என்றேன்.

கடைசியாகக் கேட்டார்: "மனசு சரியில்லன்னு எப்பவாச்சும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காரா?"

இந்த இடத்தில் முறத்தை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டேன். மனைவி இறந்த வருடம் அவனை விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதே என் மகன்தான். இன்னும் அவன் வீட்டில் சோற்றுக்கு இரண்டு தட்டு வைக்கிறான். அதைச் சொன்னால் எவள் கழுத்தை நீட்டுவாள்? "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன்.

அவர் எழுதினார். நான் சொன்னதை ஒருவர் தாளில் எழுதுவது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. எனக்கு எழுத்துத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் எழுதுகிறாள், என் பேச்சையெல்லாம் சீவிச் சிங்காரித்து. கட்டை விரலில் மை தடவிக் கைநாட்டு வைக்கச் சொன்னார். கல்யாணத்துக்கு எதற்கு நாட்டு என்று யோசித்தேன். மகள் வயிற்றுப் பேரனுக்குச் செல்போனிலேயே பெண் பார்த்தார்கள். காலம் அப்படி, படிவம் வந்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அழுத்தி வைத்தேன். மோர் கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் மருமகள் கம்பெனியிலிருந்து வந்தாள். என் மகன் லோடு லாரியில் போனால் வாரக்கணக்கில் வர மாட்டான். வீட்டில் நானும் அவளும்தான். அவள் வேலை செய்கிற இடத்தில் அலுமினியப் பவுடர் புழங்கும். எவ்வளவு கழுவினாலும் புருவத்திலும் காது மடலிலும் கழுத்து மடிப்பிலும் ஒட்டியிருக்கும். பொழுது இறங்கும் நேரத்தில் வாசலில் வந்து நின்றால் கோயில் சிலைக்கு வெள்ளிக் கவசம் போட்டதுபோல இருப்பாள். பக்கத்து வீட்டுக்காரன் மனைவியும் உயிரோடு இருந்தபோது இப்படித்தான் மினுங்கிக்கொண்டு வருவாள். கம்பெனி வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து ரோட்டு வழியாகச் சுற்றி வந்தால் அரை மணி நேரம். பக்கத்து வீட்டுக்காரனின் மக்காச்சோளத்துக்குள் ஒற்றையடிப் பாதையில் வந்தால் பத்து நிமிடம். எங்கள் தெருவில் வேறு யாரும் அந்தக் கம்பெனிக்குப் போவதில்லை. அவள் தனியாகத்தான் வருவாள்.

"ஏத்தா, பக்கத்து வீட்டுக்குக் கல்யாணம் கூடிருச்சு" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். பீரோ என்றதும் சிரிப்பு நின்றது.

"அத்தே, அது பொண்ணு வீடு இல்ல. போலீசு. பக்கத்து வீட்டு அண்ணன் துப்பாக்கி லைசென்சுக்கு எழுதிப் போட்டிருக்காக. பன்னி வெரட்டணுமாம். தலையாரி வேன் நிக்கிற எடத்துல சொல்லிக்கிட்டு இருந்தாரு."

பன்றி வருவது உண்மைதான். வெம்பக்கோட்டை அணைக்குள் கருவேலங்காடு அடைந்து கிடக்கிறது. பன்றிகள் அங்கே குட்டி போட்டுப் பெருகி, கதிர் பிடிக்கும் நேரத்தில் இறங்கும். வெளியூர்க்காரர்கள், "நீங்க வெடி செய்யிற ஊரு, நாலு வெடியப் போட்டா ஓடாதா?" என்பார்கள். எங்கள் பன்றிகள் வயிற்றுக்குள் இருக்கும்போதே வெடிச் சத்தம் கேட்டவை. வெடி போட்டால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தின்னும்.

ஆனால் நான் பயந்தது பன்றியை நினைத்து இல்லை. நாலு நாளைக்கு முன் அவன் சுவர் ஓரம் வந்து நின்று மெல்லக் கேட்டான்: "பெரியம்மா, பன்னி வெள்ளையா இருக்குமா?"

"கழுவி விட்டா இருக்கும்" என்று சிரித்தேன்.

"இது மினுங்குது. ரெண்டு கால்ல நடந்து வருது."

அப்போது அவனுக்கும் மோர்தான் கொடுத்தேன். வெயிலில் நின்ற கிறக்கம் என்று நினைத்தேன்.

மறுநாள் பொழுது சாயும் முன்பே சோளக்காட்டுக்குப் போனேன். ராத்திரி அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன், காலையில் ரோட்டு வழியாக வா என்று சொல்லத்தான் நினைத்தேன். விடியற்காலை அவசரத்தில் அவள் கிளம்பிவிட்டாள். மார்கழி மாதம். ஆறு மணிக்கே இருட்டுக் கட்டும். அவன் வரப்பில் நின்றுகொண்டிருந்தான். கையில் கருவேலங்கம்பு ஒன்று, தோலெல்லாம் செதுக்கி வழுவழுவென்று இருந்தது. என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வர்ற நேரந்தான் பெரியம்மா. சத்தம் போடாதீக" என்றான்.

காற்றே இல்லை. ஒரு தோகை அசையவில்லை. தூரத்தில் ஏதோ கம்பெனியில் சோதனைக்கு வெடித்த ஒரு வெடி கேட்டு அடங்கியது. அப்புறம் நடுக்காட்டில் ஒரு இடம் மட்டும் அசைந்தது. அசைவு வளைந்து வளைந்து எங்களைப் பார்த்து வந்தது. காலடிச் சத்தம் இல்லை, தோகை உரசும் சத்தம் மட்டும். அவன் கம்பைத் தோளுக்கு உயர்த்தினான். ஒரு கண்ணை மூடினான். இலைகளுக்கு நடுவில் ஒரு முகம் தெரிந்தது, உடம்பில்லாமல் முகம் மட்டும், சாம்பலும் வெள்ளியுமாக மினுமினுத்துக்கொண்டு. சத்தியமாகச் சொல்கிறேன், பெற்ற பிள்ளைபோல வைத்திருக்கிற எனக்கே ஒரு நொடி அடையாளம் தெரியவில்லை.

"என்ன அத்தே, இங்கன நிக்கிறீக?" என்றது அந்த முகம்.

என் மருமகள்தான். வேகமாக நடந்ததில் மூச்சு வாங்கியது. அவன் கம்பை இறக்கவில்லை. சுடுவதுபோல விரலை மட்டும் மடக்கினான். பின்பு என் பக்கம் குனிந்து, அவள் அங்கே இல்லாததுபோலச் சொன்னான்: "பாத்தீகளா பெரியம்மா? எம் பொண்டாட்டி கொரலக்கூட அப்படியே எடுத்துக்கிருச்சு."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். வாசலுக்கு வந்ததும் அவள் கேட்டாள்: "அத்தே, அந்தத் தாள்ல என்ன சொல்லி நாட்டு வச்சீக?"

"தங்கமான புள்ளன்னு."

மறுநாள் அவளை வேலைக்கு விடவில்லை. இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டேன். பொய் சொன்னதை ஒத்துக்கொள்ளப் போகும்போது அழுக்குச் சேலையில் போனால் இன்னும் கேவலம். வெள்ளைச் சட்டைக்காரர் காக்கியில் இருந்தார். ஆனாலும் அந்த இரண்டு பேனாவை வைத்துக் கண்டுபிடித்துவிட்டேன்.

"ஐயா, நான் கல்யாணத்துக்குன்னு நெனைச்சிட்டேன்" என்றேன்.

"யாருக்குக் கல்யாணம்?"

சொன்னேன். பக்கத்து மேசையில் இருந்த பெண் போலீஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அதான் பீரோவுல ரெண்டு பூட்டுன்னு பெருமையாச் சொன்னீகளா ஆத்தா?" என்று அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: இரண்டு தட்டு, பெரியாஸ்பத்திரி, சோளக்காடு, கருவேலங்கம்பு. மருமகளைத் தொட்டுக் காட்டி, "அந்தக் கம்பு துப்பாக்கியா இருந்திருந்தா நேத்து இவ இல்லய்யா" என்றேன்.

அவர் சிரிப்பு போய்விட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். நான் எதில் விரல் வைத்தேன் என்பதை அப்போதுதான் எனக்கு விளங்கச் சொன்னார். மனுப் போட்டவன்மேல் கேஸ் இருக்கிறதா என்று ஸ்டேஷனில் பார்ப்பார்களாம். நிலம் இருக்கிறதா, வெள்ளாமை அழிந்ததா என்று கிராம அதிகாரியிடமும் வனத்துறையிடமும் கேட்பார்களாம். டாக்டர் சர்டிபிகேட் வேண்டுமாம். அக்கம்பக்கத்தில் ஆள் எப்படி என்று விசாரிப்பார்களாம். எல்லாம் சேர்ந்து பெரிய அதிகாரி கைக்குப் போய், கடைசியில் கலெக்டர்தான் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வாராம்.

"டாக்டரு கண்டுபிடிச்சிருப்பாரா?" என்று மருமகள் கேட்டாள்.

"அஞ்சு நிமிசம் பாக்கிறவருக்கு என்னம்மா தெரியும்? இவரு பகல்ல நல்லாத்தான் பேசுறாரு. கூடவே இருக்கிறவங்க சொன்னாத்தான் உண்டு." பிறகு என்னைப் பார்த்தார். "நான் எத்தனையோ பேருக்கு விசாரிச்சிருக்கேன் ஆத்தா. எல்லாருமே நல்ல ஆளுன்னுதான் சொல்லுவாக. திரும்பி வந்து மாத்திச் சொன்னது நீங்கதான்."

புதுத் தாளில் எழுதினார். படித்துக் காட்டச் சொன்னேன். முதல் தடவை அதைக் கேட்காமல் விட்டதுதானே என் தப்பு. இரண்டு தட்டு விட்டுப்போயிருந்தது, அதையும் சேர்க்கச் சொன்னேன். பிறகு நாட்டு வைத்தேன். "யாரு சொன்னாங்கன்னு அவருக்குத் தெரியாது" என்றார்.

ஆனால் ஒரு சுவர் தள்ளி இருப்பவனிடம் மறைத்து எத்தனை நாள் மோர் கொடுப்பது? அன்று மத்தியானமே சுவர் ஓரம் கூப்பிட்டேன். "ஒனக்குத் துப்பாக்கி வேண்டாம்னு ஸ்டேஷன்ல சொல்லிட்டு வந்தேன்ப்பா. செத்துப்போன ஒம் பொண்டாட்டிய நீ காட்டுல பாக்குறன்னு சொன்னேன்."

சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் ஈரத் தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றான். "அவ இல்ல பெரியம்மா. அவளா இருந்தா நான் எதுக்குச் சுடணும்? சோறுல்ல போடுவேன். இது வேற. அவள மாதிரி பூசிக்கிட்டு வருது."

"நேத்து வந்தது எம் மருமகப்பா."

தட்டைச் சுவர்மேல் கவிழ்த்து வைத்தான். "எல்லா நாளுமா?" என்று கேட்டான்.

நான் மோர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்தினேன்.

லைசென்ஸ் இல்லை என்று தாள் வந்தது. என் மகன் லீவு போட்டு அவனை மறுபடி பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். மாத்திரை சாப்பிடுகிறான். முகம் தெளிந்திருக்கிறது. இந்த வருடமும் மக்காச்சோளம்தான் போட்டிருக்கிறான். மருமகள் கம்பெனிக் குழாயில் முகத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு ரோட்டு வழியாகத்தான் வருகிறாள். காட்டுக்குள் இருந்த ஒற்றையடிப் பாதையில் புல் மண்டிவிட்டது.

ஆனால் பொழுது இறங்கும் நேரத்தில் தினமும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வரும். "பெரியம்மா, ஒங்க மருமக வந்துட்டாளா?"

வரவில்லை என்றால் வரவில்லை என்பேன். அவளுக்குத் தப்பாக ஏதும் ஆகிவிடக் கூடாது என்று, அவள் வரும்வரை அவன் வாசலைத் தாண்ட மாட்டான். வந்துவிட்டாள் என்றால், வந்துட்டாப்பா என்பேன். கல்யாண விசாரணைக்குப் பொய் சொல்லலாம், இதற்குக் கூடாது.

போன வாரம் ஒரு நாள் மருமகள் சீக்கிரமே வந்துவிட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். குரல் கேட்டது. "பெரியம்மா, மருமக வீட்லயா இருக்கா?"

"இந்தா, எம் பக்கத்துலதான் இருக்காப்பா."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

நான் அவள் கையைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். மொச்சைத் தோல் ஒட்டிய கை, சூடாக இருந்தது. "இருக்கா" என்றேன்.

"அப்பச் சரி. காட்டுக்குள்ள வர்றது அவ இல்ல" என்றான். அவன் கதவைச் சாத்தி உள்ளே தாழ் போடுகிற சத்தம் கேட்டது. மருமகள் மொச்சையை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோய் எங்கள் கதவையும் சாத்தினாள். வெளியே, காற்றில்லாத அந்த நேரத்தில், சோளத் தோகையை உரசிக்கொண்டு ஏதோ வந்தது.