திமிர் பிடித்த வெள்ளை நாய்க்கு வீடு பார்த்த கதை

தெருவில் விட்ட நாயைத் தூக்கி வந்து, தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுக்கும் இந்தத் தொழிலில் சம்பளம் கிடையாது, லீவு கிடையாது, ஊருக்குள் நல்ல பெயரும் கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எனக்குப் பிழைப்பு தையல் கடை. நாய் என் தலையெழுத்து. உங்களில் யாருக்காவது இதே தலையெழுத்து என்றால் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள், நானும் உட்கார்ந்து புலம்புகிறேன்.

மதிக்காத மகாராணி

ஒரு நாள் காலையில் கடை வாசலில் கார் வந்து நின்றது. ராஜபாளையத்துக்காரர், வசதியான ஆள். பின் சீட்டில் அந்த ஊர் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும் நாய்: பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. தோப்புக் காவலுக்கு வாங்கினாராம். "கூப்பிட்டா திரும்பிப் பாக்க மாட்டேங்கு. பெரிய மகாராணின்னு நெனப்பு. நீங்களே வச்சுக்கோங்க" என்றார்.

காரிலிருந்து இறக்கிவிட்ட நாய் என் கடைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. எனக்குச் சந்தேகம் வந்து, அதன் முதுகுக்குப் பின்னால் எவர்சில்வர் தட்டைத் தூக்கிப் போட்டேன். பக்கத்துக் கடைக்காரர் பதறி ஓடி வந்தார். நாய் அசையவில்லை. "சார், இதுக்குக் காது கேக்காது. இந்த வெள்ளை நாய்ல சிலது பொறக்கும்போதே இப்படித்தான்" என்றேன். மனிதருக்கு வருத்தம் வரும், கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். சங்கிலியை என் கையில் திணித்துவிட்டு, முகமெல்லாம் மலர்ந்து காரில் ஏறினார். "அப்பாடா! ஒரு வருஷமா இது என்னைய மதிக்கலன்னுல்ல குமுறிக்கிட்டு இருந்தேன்!"

பெண் பார்க்க வந்தவர்

மகாராணியைச் சீக்கிரம் யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். என் வீடு மெயின் ரோட்டில். மதுரைக்கும் தென்காசிக்கும் போகிற லாரிகள் வாசலை உரசிக்கொண்டு போகும். ஹாரன் கேட்காத நாய் ஒரு தடவை கேட்டைத் தாண்டினால் போதும், முடிந்தது கதை. ரோட்டை விட்டு நன்றாக உள்ளே தள்ளி ஒரு வீடு வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

வாட்ஸப்பில் போட்டோ போட்டதும் ஒருவர் வந்தார். மூக்கைப் பார்த்தார், வாலை அளந்தார், பல்லைப் பிடித்துப் பார்த்தார், அப்பா அம்மா யாரென்று விசாரித்தார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இம்புட்டுக் குடையவில்லை. காது கேட்காது என்றேன். "அதனால என்னக்கா" என்றார் பெருந்தன்மையாக. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், "கருத்தடை ஆபரேஷனும் பண்ணியாச்சு" என்று உளறித் தொலைத்தேன். கையிலிருந்த சங்கிலியைக் கீழே போட்டார். "குட்டி போடாத நாய வச்சு நான் என்னக்கா செய்ய, காலையில எந்திரிச்சு மூஞ்சியவா பாக்க?"

ஒயர்கூடை

அடுத்து வ. புதுப்பட்டியிலிருந்து ஒரு தம்பி. மகாராணியைத் தடவிக் கொடுத்தான், டீ குடித்தான், என்னைப் போல நாலு பேர் இருப்பதால்தான் மழை பெய்கிறது என்றான். வீட்டில் கேட்டுச் சொல்வதாகக் கிளம்பினான்.

அவன் போன பிறகு தையல் மிஷினுக்கு அடியில் முனகல். குனிந்து பார்த்தால் ஒயர்கூடை; கூடைக்குள் கண் திறந்தும் திறக்காமலும் ரெண்டு நாட்டு நாய்க்குட்டிகள். போன் போட்டு, "தம்பி, கூடைய மறந்து வச்சிட்டீங்க" என்றேன். கூச்சம் என்பது பேருக்குக்கூட இல்லை. "மறக்கலக்கா. ஒண்ணு வளர்ற எடத்துல மூணா வளந்துட்டுப் போகட்டுமேன்னுதான் வச்சேன்."

லாரிக்காரர்

நான் பயந்தது நடந்தே விட்டது. தண்ணீர் கேன் போட வந்தவர் கேட்டைச் சாத்தாமல் போய்விட்டார். மகாராணி நடு ரோட்டில் நின்று காற்று வாங்குகிறாள். பின்னால் லாரி ஹாரன் அலறுகிறது. நானும் பேர் சொல்லிக் கத்துகிறேன், ஏதோ அவளுக்குக் கேட்டுவிடப் போவது மாதிரி! லாரி கிறீச்சென்று நின்றபோது அவளுக்கும் பம்பருக்கும் ஒரு சாண் இடைவெளி.

அவளைக் கட்டிக்கொண்டு தார் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். விஷயத்தைக் கேட்டதும் டிரைவருக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கோபம் நியாயமானது என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "நாய்க்குத்தான் காது கேக்கல, ஒங்களுக்குக் கண்ணுமா தெரியல? ரோட்டு மேல வீட்ட வச்சுக்கிட்டு இத வளக்கீகளே!"

தவில்காரர்

மகாராஜபுரத்திலிருந்து ஒருவர் வந்தார். நையாண்டி மேளம் வாசிக்கிற செட்டில் தவில். இவர்கள் வாசித்துப் பழகும் சத்தம் தாங்காமல் தெருவே சண்டைக்கு வந்ததில், ஊரை விட்டுத் தள்ளித் தென்னந்தோப்புக்குள் குடியிருக்கிறாராம். சைக்கிள் போவதே அபூர்வமாம். எனக்கு வாயில் சர்க்கரை போட்ட மாதிரி இருந்தது. ஆனால் மனிதர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். "நெசமாவே கேக்காதா? கொஞ்சங்கூடவா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இதுவும் போச்சு என்று அலுத்துப்போய், "சுத்தமாக் கேக்காதுய்யா, போயிட்டு வாங்க" என்றேன். அவர் போகவில்லை. இடுப்பிலிருந்து தவில் குச்சியை உருவி என் கடை ஷட்டரில் விளாசு விளாசென்று விளாசினார். மிஷினில் என் ஊசி முறிந்தது. மகாராணி கொட்டாவி விட்டாள். "மூணு நாய் வளத்தேன்க்கா, மேளத்துக்குப் பயந்து மூணும் ஓடிருச்சு" என்று சொல்லி, அவளைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு போனார்.

மனசு கேட்காமல் கொஞ்ச நாள் கழித்துத் தோப்புக்குப் போனேன். செட்டு மொத்தமும் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தது. தாளம் ஒரு பக்கம், நாதஸ்வரம் ஒரு பக்கம். தவில்காரர் தொடையில் மகாராணி தலையைச் சாய்த்து, தவிலோடு தாடையை ஒட்டிக் கண்ணை மூடிக் கிடந்தாள். அதிர்வு பிடித்திருக்கிறது போல, வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பெருமையாகச் சொன்னார்: "எங்க வாசிப்புல பாதியில எந்திரிச்சுப் போகாத மொத ஆளு இதுதான்க்கா."

ஆகவே என்னோடு புலம்ப உட்கார்ந்தவர்களே, உங்கள் நாயின் குறையை ஒளிக்காமல் ஊரெல்லாம் சொல்லி வையுங்கள், அந்தக் குறைதான் வேண்டுமென்று யாரோ ஒருவர் எங்கேயோ தாளம் தப்பித் தப்பி வாசித்துக்கொண்டிருப்பார்.