புகை குறையும் என்று ஒரு சத்தியம்

கார் விற்கிற வேலையில் பொய் அதிகம் தேவைப்படாது. உண்மையை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரிந்திருந்தால் போதும். ஷோரூம் கண்ணாடிக் கதவருகே காலை முதல் சிரித்துச் சிரித்துக் கன்னம் வலித்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். நான் தினமும் திருத்தணியில் ரயிலேறி, திருப்பதிக்கு வந்து, மின்சாரக் கார் விற்கிறேன். முதல் ஆறு மாதம் தற்காலிக வேலை. அதற்குள் எட்டு கார் விற்றால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டிலேயே இருக்கலாம். விற்கும் ஒவ்வொரு காருக்கும், சுவர்ப் பலகையில் நம் பெயருக்கு நேரே பச்சைக் காகிதத்தில் வெட்டிய இலை ஒன்றை ஒட்டுவார்கள். ஆறாம் மாதம் பிறந்தபோது எனக்கு ஏழு இலைகள்.

மூன்றாவது கார்

லாட்ஜ் நடத்துகிற ஒருவர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் நிறம் பற்றித்தான் பேச்சு. விளம்பரத் தாளில் காட்டுக்குள் கார் நிற்கிற படத்தைப் பார்த்து உண்மையாகவே நெகிழ்ந்துபோனார். லாட்ஜ் மாடியில் தொட்டி வைத்து வேப்பங்கன்று வளர்ப்பவர். அவர் அக்கறையைச் சந்தேகிக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய வண்டியை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கிறீர்களா என்று கேட்டேன். இரண்டு வைத்திருந்தார், இரண்டுமே டீசல். புதிதாக எதுவும் வாங்கக் கூடாத ஆஷாட மாதம் கழிந்து முடிவு சொல்வதாகக் கிளம்பியவர், என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். நின்று விளக்கினார்.

"அது ரெண்டும் அதுபாட்டுக்கு ஓடட்டும்மா. இதை நான் காத்துக்காக வாங்குறேன்."

குழாய் இல்லாத வண்டி

எத்திராஜும் அவர் மனைவி கன்னியம்மாவும் நாகலாபுரத்திலிருந்து தங்கள் டீசல் காரில் வந்தார்கள். இருவரும் பல வருடம் செங்கல் சூளையில் கூலிக்கு இருந்தவர்கள். இப்போது சொந்தத்தில் மூன்று ஏக்கர், வேர்க்கடலை. சூளையை விட்ட பிறகும் கன்னியம்மாவுக்கு மூச்சிழுப்பு விடவில்லை. எந்த வண்டி கிளம்பினாலும் அவர் கை தானாகவே முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனது.

எத்திராஜ் சீட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை, பாட்டு எப்படிக் கேட்கும் என்று விசாரிக்கவில்லை. இதை வாங்கினால் புகை குறையுமா என்பது ஒன்றே அவர் கேள்வி. புகையே வராது என்றேன். பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தார். குழாய் இல்லை. திருப்தியாகத்தான் நிமிர்ந்தார். பிறகு, கரண்ட் எங்கிருந்து வருகிறது என்றார். வெயிலிலிருந்து, காற்றிலிருந்து என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்ததைச் சொன்னேன். அவர் மச்சானுக்கு நெல்லூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்தில் வேலை என்பது எனக்கு எப்படித் தெரியும்?

"எங்க மச்சான் அங்க கரி தள்ளிக்கினு கீறாம்மா. துப்பினா கறுப்பா வருது. குழாய இங்க கழட்டி அங்க மாட்டினா, அதுக்குப் பேரு குறையறதா?"

முனிரத்தினத்தின் காது

எங்கள் ஷோரூமில் பழைய வண்டிகளை மதிப்பிடுகிறவர் முனிரத்தினம். விரல் முட்டியால் கதவைத் தட்டி, கேட்கிற சத்தத்தை வைத்தே வண்டி எங்கே மோதியது, எப்போது பெயின்ட் அடித்தார்கள் என்று சொல்லிவிடுவார். தெலுங்கும் தமிழும் கலந்த பேச்சு. எதையும் "அந்தே", அதாவது அவ்வளவுதான் என்று முடிப்பார். நான் அவரிடம் கற்றது நிறைய. முக்கியமாக, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது.

இரண்டாம் முறை வந்தபோது எத்திராஜ் நேராகப் பின்கட்டுக்குப் போய், என் வண்டியை வாங்கி என்ன செய்வீர்கள் என்று அவரிடம் கேட்டார். உடைத்துவிடுவீர்களா? இவ்வளவு நல்ல இன்ஜினை யார் உடைப்பார்கள் என்றார் முனிரத்தினம். பலமநேரி பக்கம் தக்காளி வியாபாரி யாராவது எடுப்பார், இன்னும் பல வருடம் ஓட்டுவார். அதனால் அங்கே இதைவிட மோசமான ஒரு வண்டி நின்றாலும் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். முடிவாக அவர் சொன்ன வாக்கியத்துக்காக மேலாளர் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

"வண்டி சாவாது சார். ஊரு மாறும், அந்தே."

நாலு வார்த்தை

அன்று மாலை, எனக்குப் பயிற்சி கொடுத்தவரிடம் போனில் கேட்டேன். நல்ல மனிதர், மறைக்கவில்லை. பேட்டரி செய்யும்போது எழுகிற புகை அதிகம். வண்டி ஓட ஓடத்தான் அது ஈடாகும். நிறைய ஓட்டுகிறவருக்கு நிச்சயம் லாபம், நிலக்கரியைச் சேர்த்துப் பார்த்தாலும். அதிகம் ஓட்டாதவர் கையில் இருக்கிற வண்டியையே வைத்துக்கொள்வது மேல் என்றார். எத்திராஜ் ஓட்டுவது வாரம் ஒருநாள் புத்தூர் சந்தைக்கு, மாதம் ஒருநாள் திருப்பதி ஆஸ்பத்திரிக்கு.

இந்தப் பக்கத்தில் ஆடு காணாமல் போனாலும், வரப்புச் சண்டை வந்தாலும், கடைசியில் காணிப்பாக்கம் போவார்கள். குளத்தில் முழுகி, பிள்ளையார் முன் நின்று சொன்னால் அதற்கு மேல் விசாரணை கிடையாது. புது வண்டிக்குப் பூசை போடுவதும் அங்கேதான். எத்திராஜ் இரண்டையும் சேர்த்துக்கொண்டார். அங்கே வந்து புகை குறையும் என்று நான் சொன்னால், அன்றே முன்பணம் கட்டிவிடுவார். மாதம் முடிய பத்து நாள். எனக்கு ஒரு இலை குறைவு. மேலாளர் டெமோ காரின் சாவியை என் கையில் வைத்தார்.

"இந்த வண்டியால புகை குறையும். நாலு வார்த்தைம்மா. சொல்லிட்டு வந்துடு."

பிள்ளையார் முன்னால்

எத்திராஜ் ஓட்டினார். வழி நெடுக கன்னியம்மா முந்தானையை எடுக்கவில்லை. காணிப்பாக்கத்தில் இறங்கியதும், வண்டி அணையாமல் இருக்கும்போதே அதன் பின்னால் போய் நின்றுகொண்டார். கொஞ்ச நேரம் காத்திருந்தார். இதுக்குப் பின்னாடி நின்னுக்கினே பேசலாம் போலகீதே என்று புருஷனிடம் மெதுவாகச் சொன்னார். எட்டாவது இலை ஒட்டியாகிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

குளத்தில் முழுகும் தைரியம் எனக்கில்லை, தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டேன். வரிசையில் நகர்ந்தபடி அந்த நாலு வார்த்தையைச் சொல்லிப் பார்த்தேன். சரளமாக வந்தது. சன்னதிக்கு முன்னால் அவர்கள் இருவரும் பிள்ளையாரை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்கள். நான் சொன்னது இதுதான்: இந்த வண்டி தன் பின்னால் நிற்கிறவர் மேல் புகை விடாது. எங்கோ கரி எரிவது இதனால் நிற்காது. உங்கள் பழைய வண்டி வேறு ஊரில் ஓடும். தினமும் நிறைய தூரம் ஓட்டினால் மொத்தத்தில் புகை குறையும். நீங்கள் ஓட்டுகிற அளவுக்குக் குறையும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

பின்னாலிருந்தவர்கள் தள்ளினார்கள். எத்திராஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். கோபமில்லை. எனக்காக வருத்தப்படுகிற குரலில்தான் சொன்னார்.

"அந்த அளவுக்கு நான் ஓட்டமாட்டேனேம்மா."

நிற்கிற வண்டிகள்

ஆஷாடம் முடிந்த மூன்றாம் நாள், என் கெடு முடியும் முன்பே, லாட்ஜ்காரர் வந்து வெள்ளை நிறம் போதும் என்றார். எட்டாவது இலை ஒட்டப்பட்டது, என் வேலை நிரந்தரமானது. முனிரத்தினம் மட்டும் வாழ்த்துச் சொல்லிவிட்டு, எக்ஸ்சேஞ்சுக்கு வண்டி ஒன்றும் வரவில்லையா என்று கேட்டார்.

ஒரு மாதம் கழித்து எத்திராஜ் போன் செய்தார். காணிப்பாக்கத்திலிருந்து திரும்பும்போதே யோசித்தாராம். அவரையும் சேர்த்து அவர் தெருவில் நான்கு பேர் சந்தை நாளில் நான்கு வண்டிகளில் புத்தூர் போகிறவர்கள். மற்ற மூவரையும் உட்காரவைத்துப் பேசியிருக்கிறார். முதலில் சிரித்தார்களாம், காணிப்பாக்கத்தில் நான் சொன்ன சத்தியம் என்றதும் கேட்டுக்கொண்டார்களாம். இப்போது ஒரே வண்டி, வாரம் ஒருவருடையது. ஆஸ்பத்திரிக்கு பஸ். கன்னியம்மாவுக்கு எப்படி இருக்கிறது என்றேன். இழுப்பு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் சந்தை நாளில் வாசலில் நிற்கிறாள் என்றார்.

"நீ விக்காத காரால எங்க தெருவுல மூணு வண்டி நிக்குதும்மா."

பலகையில் என் பெயருக்கு நேரே இன்று பதினோரு இலைகள் இருக்கின்றன. எத்திராஜுக்கு விற்காத காருக்கான, சந்தேகமில்லாமல் பச்சை என்று நான் நம்புகிற பன்னிரண்டாவதை ஒட்டத்தான் அதில் இடம் விடவில்லை.