பழைய சரக்கு

மருந்துக் கிடங்குக்காரருக்குக் கஞ்சமகாராஜா என்று பட்டப்பெயர். வந்த தும்மலையும் பாதியில் நிறுத்திச் சேமித்துவைப்பார் என்பார்கள். பழைய சரக்கை முதலில் தள்ளு என்பதே அவருடைய வாழ்நாள் வேதம்.

மனைவி வருடக்கணக்காக நாவல் எழுதினாள், அத்தியாயத்துக்கு ஒரு கோப்பு. அவற்றைத் தனி வட்டு ஒன்றில் காப்பு நகல் எடுப்பது அவர் பொறுப்பு. முதல் நாள் எல்லாவற்றையும் முழுதாக எடுத்தார். பிறகு தினமும் மாறிய கோப்புகளை மட்டும் எடுத்ததால் இடம் அதிகம் பிடிக்கவில்லை. இருந்தும் ஒருநாள் வட்டு நிரம்பியது. புதிது வாங்க மனம் வராமல், எல்லாவற்றிலும் பழையதும் பெரியதுமான முதல் நகலைத் தூக்கிக் கடாசினார்.

போன வாரம் கணினி மண்டையைப் போட்டது.

"பதறாதம்மா, நீ மாத்தினது அத்தனையும் பத்திரமா இருக்கு."

"மாத்தாதது?"

அவர் வட்டைத் திறந்து தேடினார். பிடிக்காமல் அவள் திரும்பத் திரும்பத் திருத்திய அத்தியாயங்களே பிழைத்திருந்தன. இனி ஓர் எழுத்தும் தொட வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே அவள் பூரித்து முடித்தவை அந்த முதல் நகலோடு போய்விட்டன.

"மிச்சம் பிடிச்ச இடத்துல என்னங்க வைக்கப் போறீங்க?"

அவர் திரையையே பார்த்தார். வட்டில் பாதிக்கு மேல் காலி.