ஈஸ்வரமூலிக் கொடி இருந்த இடம்

போலகம் ஊரை விட்டு நடந்துகொண்டிருந்தேன். வெயில் ஏறும் நேரம். நானா தோப்பு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். அதனால் திரும்பவில்லை.

அண்ணன் முறையில் நானா என்று நான் கூப்பிட்டது தோப்புக்காரரை. பாதி ஆயுளைத் துபாயில் கழித்துவிட்டு வந்தவர். எனக்கு வேலையும் படுக்க இடமும் கொடுத்திருந்தார். தென்னைகளுக்குப் பின்னால் ஒரு மூலையை வெட்டாமல் புதராகவே விட்டிருந்தார். அங்கே ஒரே ஒரு ஈஸ்வரமூலிக் கொடி படர்ந்திருந்தது. அதில்தான் அந்தப் பட்டாம்பூச்சி முட்டையிடும். கறுப்பு இறக்கை, சிவந்த உடம்பு. எத்தனையோ ஊர் சுற்றியும் வேறெங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. விஷ இலையைத் தின்று வளர்ந்ததால் எந்தக் குருவியும் கொத்தாது. அதனால் அவசரமே இல்லாமல் பறக்கும். பெண் பூச்சி இலை இலையாகக் காலால் தட்டிப் பார்த்துத்தான் முட்டை வைக்கும். புழுக்களுக்கு வேறு இலை ஆகாது.

"ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும் தம்பி. இதுங்களுக்கு மட்டும் அது பிரியாணி" என்பார் நானா.

அவர் மகளைப் பார்க்கச் சென்னைக்குப் போன மறுநாள், விழிதியூர் விவசாயி ஒருவர் என்னைத் தேடி வந்தார். நான் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி கொடுத்தவர்.

"மாட்டுக்கொட்டாயில ரெண்டு தடவ பாம்பு வந்துருச்சுப்பா. ஈஸ்வரமூலி வேரக் கட்டுனா அண்டாது. ஒங்க தோப்புல இருக்காமே?"

பாதி வேரை விட்டால் துளிர்த்துவிடும் என்று நினைத்துத்தான் மண்வெட்டியைப் போட்டேன். முழுக்கட்டையாக வந்துவிட்டது. கொடுத்தனுப்பினேன்.

அடுத்த நாளே கொடி துவண்டது. புழுக்கள் இறங்கின. பதினொன்று. ஒவ்வொன்றாக எடுத்துச் செம்பருத்தியில் விட்டேன், முருங்கையில் விட்டேன். தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிவிட்டு மறுபடி இறங்கின. சில மதில் ஏறின. மூன்றாம் நாள் மதிலடியில் செத்துக் கிடந்தவற்றை எறும்பு மொய்த்தது. ஒரு பெண் பூச்சி வந்து காய்ந்த இலையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

அதற்கடுத்த நாள் காலையில் நானா வந்தார். பையைக்கூட வைக்காமல் புதருக்குப் போனார்.

"கொடி எங்க தம்பி?"

"ஆடு தின்னுருச்சு நானா."

குழியைப் பார்த்தார். பிறகு என்னை.

"மண்வெட்டி புடிக்கத் தெரிஞ்ச ஆடு போல."

குழியோரம் கிடந்த மண்ணைக் காலால் உள்ளே தள்ளினேன்.

"வேருதான் வேணும்னா நாட்டு மருந்துக் கடையில காஞ்சது கெடக்குதே. கேட்டிருந்தா நானே வாங்கித் தந்திருப்பேன். சரி, சாப்டியா?"

அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகுதான் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அன்றிரவு கருக்களாச்சேரிக் கடற்கரையில் ஒரு வலைக் கொட்டகையில் படுத்தேன். விடிந்ததும் மீன் ஏற்றுகிறவரிடம் வேலை கேட்டேன்.

"முன்ன எங்கப்பா இருந்த?"

தோப்பில் என்றால் யார் தோப்பு என்பார். நானாவைத் தெரியாதவர்கள் அங்கே இல்லை.

"வெளியூருங்க."

"தெரியாத ஆள வண்டிக்குப் போட மாட்டேன். ஐஸ் ஒடைப்பியா?"

"ஒடைக்கிறேங்க."

மரச் சுத்தியலைக் கொடுத்தார். மத்தியானம் வரை உடைத்தேன்.