மைக் டெஸ்டிங் நேரத்துக் கிடார்

சென்ற வாரம் காலை, கம்பத்தில் என் வீட்டில் தோசைக்கல்லைப் போட்ட நேரத்தில் செல்பேசி அடித்தது. எங்கள் பழைய மெல்லிசைக் குழுவின் டிரம்மர் பாண்டி. "அக்கா, ராசாமணி அண்ணன் போயிட்டாக" என்றார். அடுப்பை அணைக்கக்கூடத் தோன்றாமல் நின்றிருந்தேன்.

சின்னமனூர் ராசாமணி அண்ணனை, மைக்செட் வாடகைக்கு விடுபவராகத்தான் பலருக்கும் தெரியும். எங்கள் குழுவில் அவர் கிடார் வாசித்தார், நான் பாடினேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கோயில் திருவிழாவில் சாமி பாட்டும் சினிமாப் பாட்டும்தான். ராக் வாசிக்க யாரும் விடமாட்டார்கள். அண்ணன் குறுக்குவழி கண்டுபிடித்தார். கச்சேரியன்று மத்தியானம், மைக் டெஸ்டிங் என்ற சாக்கில் வாசித்துத் தீர்ப்பார்.

கடமலைக்குண்டுத் திருவிழாவில்தான் முதலில் கேட்டேன். மெதுவாக, அழுகிற மாதிரி ஒரு ப்ளூஸ். "அமெரிக்காவுல பருத்திக் காட்டுல பாடுபட்ட கறுப்பு சனங்க பாடுனது தங்கச்சி. இதுலருந்துதான் ராக்கு பொறந்துச்சு" என்றார். அடுத்த திருவிழாவில் வேகம் கூடியது. அதற்கடுத்த ஊரில் காதைப் பிளக்கும் ஹெவி மெட்டல். கமிட்டித் தலைவர் ஓடிவந்து, "என்னப்பா, செட்டு ரிப்பேரா?" என்றார். "ஆமாண்ணே, பாத்துக்கிட்டிருக்கேன்" என்று முகம் மாறாமல் சொல்லிவிட்டு, அண்ணன் இன்னும் கால்மணி நேரம் ரிப்பேர் பார்த்தார்.

"அவுகளுக்குப் பருத்திக் காடு, நமக்கு ஏலக்காடு" என்று ஒருநாள் தானே ஒரு பாட்டுக் கட்டினார். ஏலக்காய் பறிக்க விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து மலையேறும் பெண்களின் பாட்டு. என் அம்மாவும் அந்த ஜீப்பில் போனவர்தான். நடுவில் கிடார் மட்டும் வெகுநேரம் வரும். அது முடிகிற இடம் எனக்குப் பிடிபடவே இல்லை. முடிந்ததும் அண்ணன் தலையை ஆட்டுவார். நான் இரண்டாம் சரணத்தை எடுப்பேன்.

அந்தப் பாட்டை ஒருமுறையாவது கூட்டத்தின் முன் வாசிக்க வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஆசை. அல்லிநகரத்தில் ஒரு கமிட்டி சம்மதித்தது. எனக்கோ கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில். தொண்டை கிழியக் கத்துகிற பெண்ணா என்று நினைப்பார்களோ எனப் பயந்து, "அடுத்த வருசம் பாடுறேண்ணே" என்றேன். "அதுக்கென்ன தங்கச்சி" என்று கிடாரின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்.

கல்யாணத்தோடு மேடை நின்றுபோனது. வழியில் பார்க்கும்போதெல்லாம், "டெஸ்டிங் இன்னும் முடியலையே தங்கச்சி, எப்ப வர்ற?" என்பார். ஒருநாளும் கோபமில்லை. நான் சிரித்து மழுப்புவேன். அந்தக் கோழைத்தனத்துக்காக இன்று வெட்கப்படுகிறேன்.

துட்டி வீட்டில் அவருடைய மைக்செட்டையே கட்டியிருந்தார்கள். ஒப்பாரி ஓய்ந்த இடைவெளியில் மைக்கை வாங்கி முதல் சரணத்தைப் பாடினேன். ஏலக்காட்டுக்குப் போய்வருகிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பாண்டி தொடையில் தாளம் தட்டினார். கிடார் வரவேண்டிய இடம் வந்தது. அண்ணன் முகத்தையே பார்த்தபடி தாளத்தை எண்ணினேன். இரண்டாம் சரணத்தை எடுக்க முடியவில்லை. மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

போய் வாருங்கள், அண்ணே. கூட்டத்தின் முன்னால் பாடியாயிற்று, பாதி மட்டும். நீங்கள் தலையாட்டும் வரை எண்ணிக்கொண்டுதான் இருப்பேன்.