பதினேழாம் மாடியின் மூன்றாம் சரணம்

ரூபனின் அழைப்பு வந்தபோது நான் குளிர் அங்கிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். ரொறன்ரோவில் தமிழர் வீடுகளில் அங்கி வாசல் அலுமாரியில் தொங்குவது குறைவு. வாசலுக்குப் பக்கத்தில் சமையலறை இருக்கும். தாளித்த மணம் ஒருமுறை கம்பளியில் ஏறினால் அந்தக் குளிர்காலம் முழுவதும் பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். ஆகவே படுக்கையறை அலுமாரியின் கடைசி மூலையில், பழைய படுக்கை விரிப்பால் போர்த்தி, அந்துருண்டை போட்டு வைப்போம். அப்படியும் மணக்கும். அந்துருண்டையும் பொரித்த வெங்காயமும் கலந்த அந்த மணத்தை எங்கே முகர்ந்தாலும் எனக்கு ஒரு பாட்டுக் குழுதான் நினைவுக்கு வரும்.

"அண்ணை, கௌசியின்ரை சாமத்தியவீட்டு வீடியோ கிடைச்சிட்டுது" என்றான் ரூபன். "தாய் எடுத்து வைச்சிருக்கிறா. ஞாயிற்றுக்கிழமை மோர்னிங்சைட்டிலை அவையின்ரை வீட்டுக்குப் போறன். வாறியளோ?"

வருகிறேன் என்றேன். அவன் எதைத் தேடுகிறான் என்று எனக்குத் தெரியும். அந்தக் குழுவின் பாடகன் ஜெயன் ஒரே ஒரு தடவை பாடிய ஒரு சரணத்தை அவன் பல வருடங்களாகத் தேடுகிறான். அது எந்த ஒலிநாடாவிலும் இல்லை. எந்தத் தாளிலும் இல்லை. அது மிச்சமிருக்கக்கூடிய கடைசி இடம், கௌசி என்ற பிள்ளை பெரியவளான சடங்கில் எடுத்த அந்த வீடியோதான்.

அந்தக் குழு பாடிய நாட்களில் நான் ஒரு இலவசத் தமிழ் வாரப் பத்திரிகையில் வேலை செய்தேன். தமிழ்க் கடைகளின் வாசலில் கறிவேப்பிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கி வைப்பார்களே, அந்த இனம். பெரும்பாலானவர்கள் அதை மீன் வெட்டுவதற்கு விரிக்க எடுத்துப் போனார்கள். மரண அறிவித்தல், மண்டப விழா, கோயில் தேர் எல்லாம் என் பொறுப்பு. 'எமது செய்தியாளர்' என்று போட்டிருந்தால் அது நான். 'எமது விசேட செய்தியாளர்' என்றாலும் நான்தான்.

சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் ரூபன் குடும்பம் பதினேழாம் மாடியில் இருந்தது. ரூபன், அவன் தங்கை டிலானி, தாய். நடு அறையில் ஜெயன் வாடகைக்கு இருந்தான். தனியாக வந்து சேர்ந்தவன். அகதி வழக்கு நடந்துகொண்டிருந்தது. பகலில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவான். டிலானி இங்கேயே வளர்ந்தவள், ஆங்கிலத்தில் ராப் பாடுவாள். ரூபன் ஒரு பழைய கீபோர்டில் தாளம் செய்வான். ஜெயனுக்கு ஹிப்ஹொப் என்ற சொல்லே டிலானி சொல்லித்தான் தெரியும். முதல்முறை அவன் மைக்கைப் பிடித்துத் தமிழில் பாடியபோது அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம்.

"ஓ மை கோட், ஜெயன் அண்ணா. யூ சவுண்ட் லைக் ரேடியோ நியூஸ்."

"நியூஸ்தானே பாடுறன்" என்றானாம் ஜெயன்.

அவர்களுடைய ஒலிப்பதிவுக் கூடம் படுக்கையறை அலுமாரி. அங்கிகளுக்கு நடுவில் மைக்கைக் கட்டித் தொங்கவிட்டால் எதிரொலி வராது. பாடுகிறவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். நான் முதல்முறை பேட்டி எடுக்கப் போனபோது ஜெயன் உள்ளே இருந்தான். கம்பளிக் கைகளுக்கு நடுவிலிருந்து வியர்த்து வழிந்த ஒரு முகம் எட்டிப் பார்த்து, "வாங்கோ அண்ணை, பேப்பரோ?" என்றது. அப்போது சமையலறையிலிருந்து ரூபனின் தாய் குரல் கொடுத்தார்.

"கதவைச் சாத்துங்கோடா! நான் மீன் பொரிக்கப்போறன். பிறகு கோட்டு மணக்குது எண்டு என்னோடை ஏறக்கூடாது."

"அன்ரி, அஞ்சு நிமிஷம் பொறுங்கோ, றெக்கோடிங்."

"உங்கடை றெக்கோடிங் சோத்தோடை வருமோ? எனக்கு வேலைக்கு நேரமாகுது."

மீன் பொரிந்தது. அவர்களுடைய முதல் பாட்டைக் கவனமாகக் கேட்டால் பின்னணியில் ஒரு சன்னமான சரசரப்பு இருக்கும். பிற்பாடு ரசிகர்கள் அதை ஏதோ புதுவிதக் கருவி என்று நினைத்தார்கள். பாரை மீன்.

அந்தக் கட்டடத்தில் எலிவேற்றர் அடிக்கடி பழுதாகும். ஜெயன் பாட்டுக் கட்டியது படிக்கட்டில்தான். வேலை முடிந்து வந்து ஏறத் தொடங்குவான். ஏற ஏற வரி வரும். மூச்சு வாங்கும் இடத்தில் வரி முடியும். எழுதி வைக்கவே மாட்டான். எழுதினால் கால் நின்றுவிடும் என்பான். மேலே வந்து சேரும்போது ஒரு சரணம் தயாராக இருக்கும்.

எலிவேற்றர் பழுதடா, ஏறு ஏறு,
எட்டாம் மாடியிலை ஆரோ வீட்டுச் சோறு,
பத்தாம் மாடியிலை ஒரு குழந்தை அழுகுது,
பதினேழிலை நிண்டால் ரொறன்ரோ தெரியுது.

இதுதான் முதல் சரணத்தின் தொடக்கம். குழுவுக்கும் பதினேழாம் மாடி என்றே பெயர் வைத்தார்கள். ஒரு தமிழ் வானொலியில் பாட்டு ஒலிபரப்பானதும் தொலைபேசிகள் அலறின. ஒரு பெரியவர், "உது பாட்டோ, சண்டையோ? தமிழை ஏன் இப்பிடிப் போட்டு அடிக்கிறியள்?" என்று கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. முறைப்பாடு கூடக் கூட இளசுகள் பாட்டைக் கேட்டுக் கேட்டு வானொலியைத் துளைத்தார்கள். ரெக்ஸ்டேலில் எனக்குத் தமிழ்நாட்டு நண்பர் ஒருவர் இருந்தார், கணினிக்காரர். காரில் போட்டுக் காட்டினேன். "பாதி புரியலைங்க. ஆனா தலை தானா ஆடுது" என்றார். அதைவிட நல்ல விமர்சனம் ஒன்றை நான் எழுதியதில்லை.

அவர்கள் வளர்ந்தது மேடைக் கச்சேரிகளால் என்று நினைத்துவிடாதீர்கள். சாமத்தியவீடுகளால் வளர்ந்தார்கள். பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் அந்தச் சடங்கை இந்த நகரத்தில் கலியாணத்துக்கு ஈடாகச் செய்வோம். மண்டபம், குதிரை வண்டி, பல்லக்கு, மூன்று தரம் சேலை மாற்றம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் கூச்சம். பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று அழுவார்கள். அப்படி அழுத ஒரு பிள்ளை, 'பதினேழாம் மாடி வந்து பாடினால் சேலை உடுக்கிறேன்' என்று நிபந்தனை போட்டாள். தகப்பன் ரூபனைத் தேடி வந்தார். பிறகு எல்லாப் பிள்ளைகளும் அதே நிபந்தனையைப் போட்டார்கள். ஸ்காபரோ மண்டபங்களில் ஆராத்தி முடிந்து சாப்பாடு தொடங்கும் நேரத்தில் ஒரு ராப் நிகழ்ச்சி என்பது சடங்கின் பகுதியாகவே ஆகிவிட்டது. ஐயர்மாரே நேரத்தை அதற்கேற்பக் கணித்தார்கள்.

லண்டனிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய மேடை. ஜெயனிடம் பயணப் பத்திரம் இல்லை. நீங்கள் இரண்டு பேரும் போங்கோ என்றான். அவனில்லாமல் போவதில்லை என்று ரூபன் சொல்லிவிட்டான். டிலானி ஒரு கிழமை அண்ணனுடன் பேசவில்லை. அந்த அழைப்போடுதான் அவர்களுடைய ஏற்றம் நின்றது என்று இப்போது தெரிகிறது. அப்போது தெரியவில்லை. அடுத்த வருடமும் அழைப்பார்கள் என்றே எல்லாரும் நினைத்தோம்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு கோப்பிக் கடை வாசலில் அடிபாடு. ஜெயன் யாரையோ விலக்கப் போனதாக ரூபன் சொல்வான். நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. தண்டனை சிறியது. ஆனால் குடியுரிமை இல்லாதவனுக்கு அதன் வால் நீளம். அகதி வழக்கும் தோற்றது. நாடு கடத்தும் உத்தரவு வந்த மாலையில் எலிவேற்றர் வேலை செய்தது. ஜெயன் படியால் ஏறினான். மேலே வந்து, "பாட்டுக்கு மூண்டாவது சரணம் சரி" என்று மட்டும் சொன்னான். எலிவேற்றர் பாட்டுக்கு அதுவரை இரண்டு சரணங்கள்தான்.

"பாடிக் காட்டன்" என்றான் ரூபன்.

"சனிக்கிழமை மேடையிலை கேள்."

அந்தச் சனிக்கிழமை கௌசியின் சாமத்தியவீடு. ஜெயன் அதைப் பாடினான். ரூபனுக்குப் பின்னால் ஒலிபெருக்கி, கண் கீபோர்டில். தாளம் தவறக்கூடாதே என்ற பதற்றத்தில் சொற்கள் ஒன்றும் அவன் காதில் ஏறவில்லை. ஞாயிறு பதிவு செய்யலாம் என்று இருந்தார்கள். ஞாயிறு காலையில் டிலானிக்குக் காய்ச்சல். அடுத்த ஞாயிறு என்று வைத்தார்கள். இடையில் அதிகாரிகள் ஜெயனைத் தடுத்து வைத்தார்கள். அங்கிருந்தே விமானம். கொழும்பில் இறங்கினான். வவுனியாவிலிருந்து ஒருமுறை பேசினான்: வன்னிக்குப் போய் அக்காவைப் பார்க்கப் போவதாக. ரூபன் அந்தச் சரணத்தைக் கேட்டானாம். "போனிலை சொல்லுற சாமானே அது? வந்து பாடுறன்" என்று சிரித்தானாம். பிறகு வன்னிப் பாதை பூட்டியது. போர் முடிந்தது. அவனுடைய பெயர் இறந்தவர்களிலும் இல்லை, இருக்கிறவர்களிலும் இல்லை. தமக்கையின் பெயரும் அப்படித்தான். மரண அறிவித்தல் பக்கத்தைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவனுக்கு ஒரு அறிவித்தல் போட இன்றுவரை யாருக்கும் உரிமை வரவில்லை.

சாமத்தியவீட்டு வீடியோ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் சத்தம் இருக்காது. அதாவது மண்டபத்தின் சத்தம் இருக்காது. ஒருமுறை ஒரு கலியாண வீடியோவில், மேடைக்குப் பக்கத்திலிருந்த ஒரு அன்ரி மாப்பிள்ளை வீட்டாரின் சீரைப் பற்றிப் பக்கத்து அன்ரிக்குச் சொன்னது தெளிவாகப் பதிவாகிவிட்டது. இரண்டு குடும்பங்களும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தபோதுதான் அது தெரிந்தது. பெண் தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து வீடியோக்காரர்கள் மண்டபச் சத்தத்தை முழுவதும் கழுவிவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டுவிடுவார்கள். பேச்சு, நடனம் வரும் இடங்களில் சிலர் சத்தத்தை விட்டுவைப்பதுண்டு. அந்தச் சிலரில் கௌசி வீட்டு வீடியோக்காரரும் ஒருவராக இருக்கட்டும் என்பதுதான் ரூபனின் நம்பிக்கை. அந்த வீடியோக்காரரை அவன் முன்பே கண்டுபிடித்துக் கேட்டிருந்தான்.

"தம்பி, ஒறிஜினல் எல்லாம் எறிஞ்சிட்டன்" என்றாராம் அவர். "கலியாணம் கட்டினவையே பாக்கிறேல்லை. நான் வைச்சு என்ன செய்யிறது?"

ஞாயிற்றுக்கிழமை போனோம். ரூபன் இப்போது நகரப் பேருந்து ஓட்டுகிறான். தலை நரைத்துவிட்டது. கல்கரிக்குப் போய்விட்ட டிலானி, ஒன்றும் ஞாபகமில்லை என்று ஒருமுறை சொன்னதோடு, இதைப் பற்றிப் பேசுவதில்லை. வழியில் அந்தப் பழைய மண்டபம் இருந்த இடத்தைக் கடந்தோம். இப்போது அது வாகனத் தரிப்பிடம். வானொலி மூடி நெடுங்காலம். எங்கள் பத்திரிகையும் நின்றுவிட்டது. அந்த விழாவுக்கு நானும் போயிருந்தேன்; பாட்டைக் கவனித்ததாக ஞாபகமில்லை என்று ரூபனிடம் எப்போதோ சொல்லியிருக்கிறேன். அடுத்த இதழில் ஆறு வரி எழுதினேன். அதில் இரண்டு வரி மேடை அலங்காரத்துக்குப் போயிற்று.

கௌசி தாதியாக இருக்கிறாள். வீடியோவை யாரிடமோ கொடுத்துக் கணினிக்கு மாற்றி வைத்திருந்தாள். "ரூபன் அண்ணா, ஐ'ம் சோ சொறி" என்றாள், நாங்கள் உட்காருவதற்கு முன்பே. "நான் பார்த்திட்டன். சினிமாப் பாட்டுத்தான் போகுது."

"பரவாயில்லை, போடு."

போட்டாள். நீலச் சட்டையில் ஜெயன் வந்தான். மைக்கை வாங்கினான். வாயைத் திறந்தான். ஒரு பெண் குரல் மழையைப் பற்றிப் பாடியது. ரூபன் சத்தத்தைக் குறைத்துவிட்டுத் திரைக்கு அருகே போய் நின்றான். முதல் சரணத்தை ஜெயனின் உதட்டோடு சேர்ந்து முணுமுணுத்தான். இரண்டாவதும் சரியாக வந்தது. உதட்டைப் பார்த்தே மூன்றாவதையும் எடுத்துவிடலாம் என்று அந்த நிமிடத்தில் நானும் நம்பினேன்.

மூன்றாவது தொடங்கியதும் திரையின் நான்கு பக்கமிருந்தும் ரோசா இதழ்கள் கொட்டின. ஜெயனின் முகம் ஒரு இதய வடிவத்துக்குள் போய், சிறுத்து, மேல் மூலையில் ஒட்டிக்கொண்டது. வாய் ஒரு கறுப்புப் புள்ளி. மிச்சத் திரை முழுவதும், இன்னொரு கமரா அதே நேரத்தில் எடுத்த சாப்பாட்டு வரிசை.

"உனக்கு ஒண்டும் ஞாபகமில்லையோ, கௌசி?"

"எனக்குப் பசி அண்ணா. சேலை குத்திச்சுது. அவ்வளவுதான்."

ரூபன் படத்தை நிறுத்தினான். பின்னால் கொஞ்சம் ஓட்டினான். மறுபடி நிறுத்தினான்.

"அண்ணை, இது நீங்கள்தானே?"

நான்தான். கழுத்தில் கமரா, கையில் காகிதத் தட்டு. வரிசையில் எனக்கு முன்னால் இடம் விட்டுப் போயிருக்கிறது; நான் நகரவில்லை. தலையை மேடைப் பக்கம் திருப்பியிருக்கிறேன். பின்னால் நிற்பவர் தோளைத் தட்டுகிறார், நான் பொருட்படுத்தவில்லை. ரூபன் மறுபடி ஓடவிட்டான். மேல் மூலையில் அந்தப் புள்ளி அசைகிறது. கீழே நான் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். சரணம் முடிகிற நேரமாக இருக்க வேண்டும், தட்டைப் பக்கத்து மேசையில் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைக்கிறேன்.

"என்ன சொன்னவன் அண்ணை?" என்றான் ரூபன், திரும்பிப் பார்க்காமல். "நீங்கள் கேட்டனியள்தானே. ஒரு வரி எண்டாலும் சொல்லுங்கோ."

கௌசி எழுந்து தேநீர் போடப் போனாள். நான் திரையில் இருந்த அந்த மனிதனை மறுபடி மறுபடி பார்த்தேன். அவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு ஒரு சொல்கூட நினைவில் வரவில்லை.