லாரி போல்ட்டும் முன்பல்லும்

சம்பந்தி வீட்டு விருந்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? எங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள்!

தம்போய் ஊரில் லாரி வொர்க்‌ஷாப் நடத்தி ஓய்ந்தவர். முன்பல் விழுந்ததும் இம்பிளாண்ட் வைத்துக்கொள்ளக் கிளம்பினார். தாடை எலும்பில் ஸ்க்ரூ ஒன்றைப் பதித்து, அதன்மேல் பல்லைப் பொருத்துவார்கள். ஸ்க்ரூ என்ற சொல் காதில் விழுந்ததுமே மனிதருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது! போல்ட்டை முறுக்கினால் அன்றைக்கே லாரி ஓடும் அல்லவா? மகளின் புகுந்த வீட்டில், லாபிஸில், முதல் விருந்து. அதற்கு முந்தின வாரமே ஸ்க்ரூவுக்கு நாள் குறித்துவிட்டார்.

பல் கிளினிக்கில் இருந்த டாக்டர் பெண் பொறுமையாகத்தான் சொன்னார்.

“வயசு பிரச்சினை இல்ல அங்கிள், சுகரும் கண்ட்ரோல்ல இருக்கு. ஆனா இது லாரி இல்ல. எலும்பு மெல்லத்தான் ஸ்க்ரூவைப் பிடிச்சுக்கும். சில மாசம் கழிச்சுத்தான் பல்லு வைப்போம். அதுவரைக்கும் கழட்டி மாட்டற பல்லு ஒண்ணு தரட்டா?”

“வேணாம் லா!”

கேட்டால்தானே? ஸ்க்ரூ பதித்து வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தார்... ஓட்டை அப்படியே இருந்தது.

புதுச் சம்பந்தம். பொக்கை வாயைக் காட்டினால் கௌரவம் என்ன ஆவது? விருந்தில் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். ஆட்டுக்கறிப் பெரட்டலைத் தொடவே இல்லை. ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து விழுங்கினார். கேட்டதற்கெல்லாம் தலையாட்டல்தான். சம்பந்தியின் முகம் வாடிப்போனது. பரிமாறிக்கொண்டிருந்த என் மகளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“கல்யாணத்துல ஏதும் குறை வச்சிட்டோமா சம்பந்தி? மனசுல இருந்தா சொல்லிடுங்க.”

இவர் மகளைப் பார்த்தார். பிறகு... ஈ என்று இளித்தார்!

“அலமாக்! இதுக்கா இவ்வளவு நேரம் பேசாம இருந்தீங்க?” என்று சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். “என்னோடது முழு செட்டு. தும்மினா கையில வந்துடும்!”

அதன்பிறகு பேச்சு நிற்கவே இல்லை. மகளும் சிரித்தாள். எனக்கு அப்போதுதான் பெரட்டலின் ருசியே தெரிந்தது.

மாதங்கள் கழித்துப் பல் வந்தது. சொந்தப் பல்லைப் போலவே தேய்க்க வேண்டும், செக்கப்புக்கும் போக வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே செய்கிறார். கறியும் கடிக்கிறார்!

போன வாரம் சம்பந்தியையும் அதே கிளினிக்குக்கு அழைத்துப் போனோம்.

“இன்னிக்கே மாட்டிக்கிட்டு லாபிஸ் திரும்பிடலாமா?” என்றார் அவர்.

டாக்டர் வாயைத் திறப்பதற்குள் எங்கள் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“இது என்ன லாரியா, சம்பந்தி?”

டாக்டர் இனிமேல் தாராளமாக லீவு போடலாம்!